யாரும் கேட்காத தப்பு

கிள்ளான்
12.2.2024

அன்பு ரமணி,

அக்காதான் எழுதுறேன். இங்க நானும் பூக்கடையும் நல்லா இருக்கோம். உன் முட்டி வலி இப்ப எப்படி? பெர்த்துல வெயில் கொளுத்துதுன்னு டிவியில காட்டுனாங்க. வேலை முடிஞ்சு நடந்தே வீட்டுக்கு வராத.

போன்ல பேசினா நாம ரெண்டு பேரும் சண்டைதான் போடுறோம். போன வாரம் நீ பட்டுனு வெச்சிட்ட. நானும் திரும்ப எடுக்கல. அப்புறம் யோசிச்சேன், எழுதினா நடுவுல குறுக்க பேச முடியாதுல்ல? அதான் பேனாவை எடுத்துட்டேன். நீயும் எழுது. தமிழ்ப்பள்ளியில கட்டுரைக்குக் கோப்பை வாங்குனவ நீதான்.

தைப்பூசத்துக்கு நீ வந்து ஒரு வாரம் இருந்தது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? என் வீட்டுக்காரர், உங்க மாமா சொக்கலிங்கம், இறந்து போன பிறகு இந்த வீட்டுல ரெண்டு பேர் சிரிச்ச சத்தம் அப்பதான் கேட்டுச்சு. ஆனா நீ கத்தரிக்கோல் தேடப்போயி என் கடை மேசை லாச்சியை இழுத்துத் திறந்த. அஞ்சு பாஸ்போர்ட்டையும் வெளிய எடுத்து, "வேலையாளுங்க பாஸ்போர்ட் உன்கிட்ட ஏன்க்கா இருக்கு?"ன்னு பூ கட்டுற கன்னையா முன்னாலயே கேட்ட. அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். எனக்கு முகத்தைக் கொண்டு போய் எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல.

நான் ஒண்ணும் அவங்களைக் கட்டிப் போடல. நாலு வருசத்துக்கு முன்ன ஒருத்தன் தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஓடிட்டான். பெர்மிட் எடுத்து, இந்தியாவுலருந்து அழைச்சிட்டு வந்து, ரூம் குடுத்து வெச்சிருந்தேன். சொல்லாம போயிட்டான். அதுக்கப்புறம்தான் மாமா மாதிரி நானும் வாங்கி உள்ள வெச்சேன். இந்தத் தெருவுல எந்தக் கடையில வேணா போய்ப் பாரு, எல்லாரும் அப்படித்தான் லா. உன் ஊர் நியாயம் உன் ஊருக்கு. எங்க ஊர் நியாயம் எங்களுக்கு.

கோவப்படாம பதில் போடு. கஞ்சியாவது காய்ச்சிக் குடி, ரொட்டியையே சாப்பிடாத.

உன் அக்கா
குமுதா

*

பெர்த்
3.3.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். முட்டி பரவாயில்லை. உனக்குச் சர்க்கரை சோதித்தார்களா? எவ்வளவு என்று எண்ணில் எழுது, "பரவால்ல" என்று எழுதாதே.

கன்னையா முன்னால் கேட்டது தப்பு. அதற்கு மன்னித்துக்கொள். கேட்ட கேள்வி தப்பில்லை.

கடப்பிதழ், அந்தப் பாஸ்போர்ட், ஒரு மனிதன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழி. அதை இன்னொருவர் பூட்டி வைக்கக்கூடாது. கிள்ளானில் தப்பு, பெர்த்தில் தப்பு, நிலாவில் போய் வைத்தாலும் தப்பு. எல்லாரும் செய்வதால் சரியாகிவிடாது. நம் அப்பா கேரி தீவு எஸ்டேட்டை விட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக நினைத்தபோது, எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவருடைய அடையாள அட்டையை மூன்று மாதம் கொடுக்காமல் இழுத்தடித்தான். நீ எனக்குச் சொன்ன கதைதான். அன்றைக்கு எல்லா எஸ்டேட்டிலும் அதுதான் வழக்கம். அதனால் அந்தக் கிராணி நல்லவன் ஆகிவிட்டானா?

திட்டுவதாக நினைக்காதே. நீ என்னை வளர்த்தவள். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புதிதாக ஒரு தமிழம்மா வந்திருக்கிறார். இராஜம்மா ஆன்டி, கோலாலம்பூர்ப் பக்கம் அம்பாங்காரர். மகன் இங்கே கூட்டிவந்து, நினைவு தப்பத் தொடங்கியதும் எங்களிடம் சேர்த்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணி ஆனால், "என் செருப்பைக் குடு, அம்பாங் பஸ் வந்துடும்" என்று கதவருகே போய் நிற்பார். "இன்றைக்கு பஸ் ஸ்டிரைக் ஆன்டி, நாளைக்குப் போகலாம்" என்று நான் கூட்டிவருவேன். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்.

அன்பு முத்தங்களுடன்
ரமணி

*

கிள்ளான்
28.3.2024

அன்பு ரமணி,

சர்க்கரை எட்டு புள்ளி நாலு. போதுமா? நீ நல்லா தூங்குறியா?

பங்குனி உத்திரம் முடிஞ்சு இப்பதான் உட்கார்றேன். மூணு நாளா லோரி லோரியா பூ வந்து இறங்குச்சு. கை பூரா நார் அறுத்த கோடு.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கிராணி கதையை என் தலையிலயே போட்டுட்ட. சரி, இப்ப நான் கேக்குறேன். உங்க இல்லத்துக் கதவுக்கு நம்பர் பூட்டு இருக்குன்னு நீயே சொன்ன. அந்த இராஜம்மா ஆன்டி ஒரு குத்தமும் செய்யல. வெளிய போகணும்னு தினம் கேக்குறாங்க. நீ விடல. பொய் வேற சொல்லுற. நம்ம அம்மாவை அந்த மாதிரி ஒரு இடத்துல நான் விட்டிருந்தா கோயில்ல யாராவது என் முகத்தைப் பார்ப்பாங்களா? ஆனா உங்க ஊர்ல அது சரி. சட்டமே அப்படித்தான். அதைத்தான் நானும் சொல்றேன். ஒவ்வொரு இடத்துக்கு ஒவ்வொண்ணு. நிலாவுக்கெல்லாம் போக வேணாம்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது. சின்ன வயசுலயும் கடைசி வார்த்தை எனக்குத்தான் வேணும்.

கன்னையா அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். நிலக்கோட்டையில அக்காக்காரி பார்த்துக்குது. போனைக் காதுல இடுக்கிட்டே பூ கட்டுறான். அப்பவும் ஒரு கண்ணி கூடப் பிசகல. ஏழு வருசமா என்கிட்ட இருக்கான், அவனை மாதிரி ஆண்டாள் மாலை கட்ட கிள்ளான்ல ஆள் இல்ல.

குளிர் ஆரம்பிக்குமுன்ன நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க.

குமுதா

*

பெர்த்
16.4.2024

அக்கா,

என் அக்காவுக்கு வழக்காடத் தெரியும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. எட்டு புள்ளி நாலு அதிகம். கடை டீயில் சீனி வேண்டாம் என்று சொல்.

நீ கேட்டது குத்தியது. இரண்டு நாள் அந்தக் கதவின் எண்ணை அழுத்தும்போதெல்லாம் உன் குரல் கேட்டது. ஆனால் யோசித்துப் பார். இராஜம்மா ஆன்டி வெளியே போனால் ரோட்டைக் கடக்கத் தெரியாமல் அடிபடுவார். அவருக்காகத்தான் பூட்டு. லாச்சியில் இருக்கும் பூட்டு கன்னையாவுக்காகவா, உனக்காகவா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். வழக்கம், தெரு, சட்டம் எதுவும் வேண்டாம்.

கன்னையாவின் அம்மா எப்படி இருக்கிறார்? எழுது. நானும் இங்கே விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

உன் ரமணி

*

கிள்ளான்
30.4.2024

ரமணி,

நான் நல்லா இருக்கேன். சித்ரா பௌர்ணமி முடிஞ்சிது. முந்நூறு மாலை, எல்லாம் நேரத்துக்குப் போச்சு. மழை வேற. பக்கத்துத் துணிக்கடை சீதாலெட்சுமி உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னா.

மத்தது பிறகு எழுதுறேன். உடம்பைப் பார்த்துக்க.

குமுதா

*

பெர்த்
2.6.2024

அன்புள்ள அக்கா,

ஆறு வரியில் உன்னிடமிருந்து கடிதம் வந்ததே இல்லை. போன் செய்தால் "கடையில ஆள் இருக்கு" என்கிறாய். நான் ஏதாவது அதிகமாகக் கேட்டுவிட்டேனா? அப்படியென்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடு. பதில் வேண்டாம்.

இங்கே காய்ச்சல் பரவி வேலையாட்கள் பாதிப்பேர் லீவு. நானும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் திட்டுவாய், திட்டவாவது எழுது. கன்னையாவின் அம்மாவைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே.

ரமணி

*

பெர்த்
7.7.2024

அக்கா,

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லை என்று மட்டும் ஒரு வரி எழுது. மற்றதெல்லாம் உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது.

ரமணி

*

கிள்ளான்
20.7.2024

அன்பு ரமணி,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உன்னைப் பயமுறுத்திட்டேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது.

ஏப்ரல் பதினெட்டாந்தேதி காலையில கன்னையா வந்து நின்னான். அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க, "பத்து நாள் போயிட்டு வரட்டுமாக்கா?"ன்னு கேட்டான். நான் காலண்டரைப் பார்த்தேன். ரமணி, அவன் முகத்தைப் பார்க்கல, காலண்டரைப் பார்த்தேன். "சித்ரா பௌர்ணமி முடியட்டும் கன்னையா. இருபத்தி நாலாந்தேதி நானே டிக்கெட் எடுத்துத் தரேன்"னேன். "சரிக்கா"ன்னு போயிட்டான். ரெண்டாவது தடவை கேக்கவே இல்ல.

இருபத்தி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை, காலையில போன் வந்துச்சு. அம்மா போயிட்டாங்க.

ரோஜா வாளிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, போன்லயே எல்லாத்தையும் பார்த்தான். குளிப்பாட்டுனது, தூக்குனது. அவன் செய்ய வேண்டியதை அவன் சித்தப்பா மகன் செஞ்சான். "நீ ரூமுக்குப் போய்ப் படு"ன்னு சொன்னேன். "கை சும்மா இருந்தா தாங்காதுக்கா"ன்னு உட்கார்ந்து பூ கட்டுனான். அன்னைக்கு எத்தனை மாலை கட்டுனான்னு எனக்குத் தெரியாது.

ராத்திரி லாச்சியைத் திறந்து அவன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். "இப்ப எதுக்குக்கா? அங்க எல்லாம் முடிஞ்சிருச்சே"ன்னு மேசை மேலயே வெச்சிட்டான். அவன் அந்தப் பக்கம் போனதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அதை எடுத்து மறுபடியும் உள்ள போட்டுப் பூட்டிட்டேன். யோசிக்கவே இல்ல. கை அதுபாட்டுக்குச் செஞ்சிது. சாவி திரும்புற சத்தம் கேட்டதும்தான் எனக்கே தெரிஞ்சிது.

நம்ம அம்மா போறப்ப நீ சொன்ன அன்னைக்கே பிளேன் பிடிச்சு வந்துட்ட. அம்மா கையைப் பிடிச்சிட்டு இருந்தது நீதான். நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். "நல்லவேளை ரமணி வந்துட்டா"ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்.

இப்ப கேளு. இங்க யாருமே என்னைத் தப்பு சொல்லல. சீதாலெட்சுமி, "சீசன் நேரத்துல நீ மட்டும் என்ன செய்வே?"ங்கிறா. கோயில்ல செய்தி தெரிஞ்சவங்க "விதி"ங்கிறாங்க. கன்னையாவே என்ன சொன்னான் தெரியுமா? "எங்க ஊரு முதலாளியா இருந்தாலும் அதான்க்கா சொல்லியிருப்பாரு. நீங்க டிக்கெட் எடுத்துத் தரேன்னாவது சொன்னீங்க." திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

ஊருக்கு ஒரு நியாயம்னு நான்தானே சொன்னேன்? இந்த ஊர் நியாயப்படி நான் ஒண்ணும் செய்யல. அவன் ஊர் நியாயப்படியும் இல்ல. ரெண்டு ஊரும் விட்டுடுச்சு. அப்புறம் எதுக்கு ரமணி எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது? யார் என்னைப் பிடிச்சு வெச்சிருக்கா?

அந்தப் பூட்டு எனக்காகத்தான். நீ நேரா பதில் கேட்ட. இதான் பதில்.

குமுதா

*

பெர்த்
4.8.2024

என் அக்கா,

நேற்று வந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கத் தோன்றுகிறது. கன்னையாவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைச் சொல். அம்மா கையைப் பிடித்திருந்தது நான்தான், ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடம் குளிப்பாட்டி ஊட்டியது நீ. அதையும் மறக்காதே.

நீ என்ன செய்ய வேண்டும் என்று இந்த முறை நான் எழுதப்போவதில்லை. எழுதும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. மே மாதம் ஆள் இல்லை என்றேன் அல்லவா? இருபத்தெட்டு முதியவர்களுக்கு வேலையாட்கள் மூன்று பேர். இராஜம்மா ஆன்டி நாலு மணிக்குச் செருப்பு கேட்பார். அழமாட்டார், கத்தமாட்டார், கேட்பார், அவ்வளவுதான். மிகவும் பதற்றப்பட்டால் மட்டும் கொடுக்கலாம் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதைக் கொடுத்தால் ஆறு மணி வரை தூங்குவார். ஆறு நாள் கொடுத்தேன். ஏட்டில் "பதற்றம்" என்று எழுதினேன். பதற்றம் எனக்குத்தான் இருந்தது, அக்கா. யாருக்காகப் பூட்டு என்று உன்னை விரட்டி விரட்டிக் கேட்டவள் நான்.

என்னையும் யாரும் கேட்கவில்லை. ஏடு சரியாக இருந்தது.

உன் கடிதம் படித்த பிறகு இன்று காலை போய் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஆன்டியின் மகனுக்கும் போன் செய்தேன். எழுத்து மூலம் எச்சரிக்கை வரும், வேலை போகாது என்கிறார்கள். மகன் எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு, "அம்மாவுக்குத் தமிழ் பேச நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றார். அது கோபமா என்ன என்று தெரியவில்லை.

சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆன்டியை உண்மையான பஸ் ஸ்டாப்புக்கே கூட்டிப் போனேன். செருப்பு போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு பஸ் வந்து நின்றது. நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது அம்பாங் போகாதே?" என்றார். "போகாது ஆன்டி" என்றேன். ஐந்து மாதத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை. "அப்ப வா, டீ போட்டுக் குடிப்போம்" என்று அவரே திரும்பிவிட்டார்.

கொஞ்சமாவது சாப்பிடு. எனக்காக.

உன் ரமணி

*

கிள்ளான்
15.9.2024

அன்பு ரமணி,

நல்லா இருக்கேன், இந்தத் தடவை நிஜமாவே. உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துடுச்சா? வந்தா வரட்டும். நீ போய்ச் சொன்னது எனக்கு எவ்வளவு தைரியம் குடுத்துச்சுன்னு உனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாளே அஞ்சு பேரையும் கூப்பிட்டு அவங்கவங்க பாஸ்போர்ட்டை அவங்கவங்க கையில குடுத்தேன். ரூம்ல ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி வாங்கி வெச்சேன். ரெண்டு வாரத்துல ஒருத்தன் கோலாலம்பூர்ல வேற கடைக்குப் போயிட்டான். சீதாலெட்சுமி "பார்த்தியா?"ன்னா. பார்த்தேன். கஷ்டமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் கடையை ஒரு வாரம் மூடிட்டு, கன்னையா கூட நானும் நிலக்கோட்டைக்குப் போனேன். "நீங்க எதுக்குக்கா அலையுறீங்க?"ன்னு அவன் தடுத்துப் பார்த்தான். திருச்சியில இறங்கி மூணு பஸ் மாறினோம். வழி பூரா மல்லிகைத் தோட்டம். ஐம்பத்தி மூணு வயசுல முதல் தடவை இந்தியா போறேன், ஒண்ணையும் பார்க்கத் தோணல. என்ன பேசுறதுன்னே யோசிச்சிட்டு இருந்தேன். "எங்க ஊர்ல வழக்கம் எப்படின்னா..."ன்னு ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். அந்த வீட்டு வாசலுக்குப் போனதும் அந்த வார்த்தை வாயில நிக்கல.

அவன் அக்கா அமுதவள்ளி, என் வயசுதான் இருக்கும், வாசல்ல நின்னு என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. நான் செருப்பைக் கூடக் கழட்டல, சொல்லிட்டேன். "உங்க அம்மாவைப் பார்க்கப் போகணும்னு உங்க தம்பி கேட்டாரு. நான்தான் விடல. அவர் பாஸ்போர்ட் என்கிட்ட இருந்துச்சு. தப்பு என்னோடது."

அந்தம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்துச்சு. "டிக்கெட் கெடைக்கலைன்னுல்லடா சொன்னே?"

அவன் தரையைப் பார்த்தான். "ஏங்க்கா சொன்னீங்க?"ன்னு என்கிட்டதான் கேட்டான்.

ரமணி, அவன் நாலு மாசமா எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். நான் வாயைத் திறக்காம ஒரு பட்டுச்சேலையை வெச்சுக் குடுத்துட்டு வந்திருந்தா, நல்ல முதலாளியம்மான்னு பேர் வாங்கிட்டுத் திரும்பியிருப்பேன்.

"எனக்காக நீ உன் அக்காகிட்ட பொய் சொல்ல வேணாம் கன்னையா"ன்னேன்.

அமுதவள்ளி வாசப்படியில உட்கார்ந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, "அம்மா மூணு நாளா ஆஸ்பத்திரியில வாசப்பக்கமே தலையை வெச்சுக் கெடந்துச்சு. வந்துருவான் வந்துருவான்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டீங்க." முந்தானையால முகத்தைத் துடைச்சிது. "இப்ப என்னால உங்களை மன்னிக்க முடியாது. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

உள்ள போனேன். சோறு போட்டுச்சு. எதிர்ல உட்காரல. ஆனா குழம்பு தீர்ந்ததும் கேக்காமலே ஊத்துச்சு. நாலு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

கிளம்புறப்ப பஸ் ஸ்டாண்டுல கன்னையா சொன்னான், "நான் வரலக்கா. சிந்து பத்தாவது படிக்கிறா, கூட இருக்கணும்." மகள் பேரை அவன் சொல்லும்போது முகமே வேற மாதிரி இருந்துச்சு. நான் "சரி"ன்னு சொல்ல ரெண்டு நிமிசம் ஆச்சு. அந்த ரெண்டு நிமிசத்துல என் புத்தி தீபாவளி ஆர்டரைத்தான் எண்ணுச்சு, உன்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா "சரி"ன்னுதான் சொன்னேன்.

திரும்பி வந்ததும் சீதாலெட்சுமி பிடிச்சிக்கிட்டா. "அவ்வளவு தூரம் போனியே, உன்னை யார் கேட்டா?" 

"யாரும் கேக்கல லா. அதான் நானே போனேன்."

ஆண்டாள் மாலை கட்ட இப்ப எனக்கு ஆள் இல்ல. தீபாவளிக்கு நீ வா. உன் கட்டுரைக் கையால பூ கட்ட வராது, தெரியும். பக்கத்துல உட்கார்ந்து நாரை நனைச்சுக் குடு, நான் கட்டுறேன். சண்டையையும் நேர்லயே போட்டுக்கலாம்.

வர்ற தேதியை எழுது.

உன் அக்கா
குமுதா